பீரோ சாவி

14 ஜூலை 1978, வெள்ளி

ஜூ டவுன் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் பெண்களுக்கு எங்கள் வங்கி நடத்தும் சேமிப்பு வகுப்பை ஒரு மாதமாக நான்தான் எடுத்தேன். பணம் கட்டும் சலானை எழுதப் பழக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சலான்தான் தருவேன். கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லித்தான் தருவேன். அவர்களில் சுபைதா என் வகுப்பில் பேனாவைத் தொட்டதே இல்லை.

இன்று, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் லலிதா எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு ஐந்து சலான் கொடுத்தாள்.

"முதல் சலானை வேணும்னே தப்பா எழுதுங்கோ, பாப்போம்!"

ஒரே சிரிப்பு. நாலாவது சலானில் சுபைதா தன் பெயரைச் சரியாக எழுதிவிட்டாள். அதை என்னிடம்தான் ஓடிவந்து காட்டினாள்.

"பாத்தீங்களா சேச்சி! உங்க கிளாஸ்ல தப்பு வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு."

சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது. இவ்வளவுதானா வித்தை? எனக்கு ஏன் தோன்றவில்லை?

நாளையும் அவள் வகுப்புதான். எனக்கு லீவு. சலான் கட்டுகள் இருக்கும் பீரோவின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. மறதியாக எடுத்துவந்துவிட்டேன் என்று திங்களன்று சொல்வேன். லலிதா நம்புவாள். "பரவால்லக்கா" என்பாள்.

அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.