வலது பூட்ஸில் இருந்த ஆணிகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14-8-1935, புதன்கிழமை

அன்பு மகன் ராதாகிருஷ்ணனுக்கு,

அப்பா சபாபதி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். சிங்கப்பூரில் நீயும் உன் இரண்டு கால்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் வேண்டுதல். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. வலது கை விரல்கள் நேற்றுவரை மடங்கவில்லை, அதனால்தான் பதில் நான்கு நாள் தாமதம், எழுத்தும் கோணல். பட்டறையில் கை மாட்டி முகம் குப்புற விழுந்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நடந்தது வேறு, அதைக் கீழே எழுதுகிறேன். இன்று ராத்திரி மெயில் ரயிலில் இதைச் சேர்த்துவிடுவேன், நாளை உனக்குக் கிடைக்கும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

காஜாங்கில் உன் தங்கை லெட்சுமிக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, மாங்காய் கேட்கிறாளாம். போன வாரம் பெய்த மழையில் நம் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்தது. உன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் அம்மா வெட்டி வைத்திருக்கிறாள், படிக்கத் தெரியாவிட்டாலும் உன் பெயர் எங்கே இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்டுவாள். பதினேழு வயதில் ரயில்வே திடலில் வெறுங்காலோடு இறங்கி நான்கு கோல் அடித்தாய், மறு வாரமே துரை உன்னைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். இப்போது ஸ்டோர் கீப்பர் என்று சம்பளம் வாங்குகிறாய், ஸ்டோர் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட உனக்குத் தெரியாது என்பதும், கோல் அடிப்பதற்குத்தான் அந்தச் சம்பளம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமைதான். நீ போன பிறகு இங்கே ஆட்டம் ஆட்டமாக இல்லை. போன மாதம் கிள்ளான்காரர்கள் வந்தபோது பாதி ஆட்டத்திலேயே சண்டை, குடைக் கம்பியால் ஒருவனுக்குக் கண் போயிற்று, சைக்கிள் சங்கிலி பட்டு ஒரு போலீஸ்காரனுக்குக் காது கிழிந்தது. எல்லாம் அவர்களுடைய விஜயன் இழந்த காலுக்காக. அந்தக் காலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சனிக்கிழமை கிள்ளான் துறைமுகக் குழு உங்களோடு ஆட வருகிறது, விஜயன் நின்ற இடத்தில் அவன் தம்பி அய்யாவு புல் பேக்காகக் கோலைக் காத்துப் பின்னால் நிற்கிறான், உன் காலை உடைத்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், இதையெல்லாம் நீயும் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தாமல், அவன் அடிக்க வந்தால் விலக மாட்டேன், காலை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பேன், ஒரு காலுக்கு ஒரு காலாகப் போய்த் தொலையட்டும் என்றும் எழுதிவிட்டாய். அதைப் படித்ததும் இனி மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஏனென்றால் விஜயனுடைய காலை எடுத்தது நீ இல்லை.

போன வருஷம் கிள்ளானில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பந்து போய் இரண்டு எட்டு கழித்து விஜயன் உன் விலாவில் உதைத்தான், இரண்டு எலும்பு முறிந்தது. திரும்பி வந்த ரயிலில் நீ துண்டில் ரத்தமாகத் துப்பினாய், அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். ஆறு வாரம் உன்னைப் புரட்டிப் படுக்க வைத்தேன். இந்த ஏப்ரலில் அவர்கள் நம் திடலுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் உன் பூட்ஸைச் சரிபார்ப்பதாகச் சொல்லிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அடியில் இருக்கும் தோல் கட்டைகள் ஒவ்வொன்றையும் மூன்று ஆணி பிடித்திருக்கும். வலது பூட்ஸின் முன்கட்டையில் அந்த மூன்று ஆணிகளின் தலையையும் அறுத்து, அரத்தால் கூராக்கி, கால் அங்குலம் வெளியே விட்டேன். அதன்மேல் மெல்லிய தோலை வைத்து ஒட்டினேன். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ரெப்ரி உள்ளங்கையால் தடவிப் பார்க்கும்போது தெரியாது, ஈரத் தரையில் அரை மணி நேரம் ஓடினால் மேல்தோல் பிய்ந்துவிடும். இருபத்தாறு வருஷம் பிட்டர் வேலை பார்த்த கை, அளவு தப்பவில்லை. அவனுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், பயந்து தள்ளி நிற்பான் என்றுதான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்கிறேன், சாக்குச் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நிமிஷம் பந்து உங்கள் இருவருக்கும் நடுவில் எழும்பியது. நீ பந்தை நிறுத்தக் காலைத் தூக்கினாய், அவன் வெறுங்காலோடு பாய்ந்து வந்தான், உன் பாதம் அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்து கணுக்கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. கோட்டுக்கு வெளியே பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றேன். மூன்று கோடு, மூன்றும் ஒரே அளவு இடைவெளி. நடுக்கோட்டில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்து, பிறகு ரத்தம் மூடிக்கொண்டது. அவன் கத்தவில்லை, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றிலேயே இரண்டாம் பாதியும் ஆடினான். ஐந்தாம் நாள் கால் பானை போல வீங்கியது, பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலை உயரத் தூக்கிவிட்டேனே அப்பா என்று நீ அழுதாய், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். சொன்னால் சிங்கப்பூர் வேலை போய்விடும் என்று பயம். ஆட்டம் முடிந்து உன் பூட்ஸைக் கழற்றியதுகூட நான்தான், நீ அடியைப் பார்த்துவிடக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அன்றைக்கு ஒளித்து வைத்த அந்த வலது பூட்ஸைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப் போனேன். துறைமுகக் கூலி லயத்தில் மூன்றாவது ரூம். விஜயன் வாசலில் பலகைமேல் உட்கார்ந்திருந்தான், அய்யாவு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். யார் என்று சொல்லி, என்ன செய்தேன் என்று சொல்லி, பூட்ஸைத் திருப்பிக் காட்டினேன். ஆணி துருப்பிடித்திருந்தது. அய்யாவு அதை வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு அதாலேயே என் முகத்தில் அடித்தான். இரண்டு பல் போயிற்று. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தேன், மூன்று ஆணியும் புறங்கையில் இறங்கின. கீழே விழுந்தபின் வயிற்றிலும் முதுகிலும் உதைத்தான், "கிழவா, ஆணி எப்படி இருக்கு, அளவு சரியா இருக்கா" என்று ஒவ்வோர் உதைக்கும் கேட்டான். விஜயனுடைய சம்சாரம் மாரியாயி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தாள். "இன்னும் நாலு போடு, ஆனா தள்ளிக் கொண்டுபோய்ப் போடு, இப்பத்தான் புள்ள தூங்குது" என்றாள். நான் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. அது நியாயம் என்றுதான் கிடந்தேன், நீ சனிக்கிழமை நிற்க நினைத்ததைப் போல.

நிறுத்தச் சொன்னது விஜயன். "போதும்டா, செத்துத் தொலைஞ்சா உன்னத்தான் தூக்குல போடுவான்" என்றான். தண்ணீர் கொடுக்கச் சொன்னான், குடிக்க முடியவில்லை, வாயெல்லாம் ரத்தம். பிறகு நிதானமாகப் பேசினான். "பெரியவரே, உங்க மகன் அன்னிக்குப் பந்தைப் பாத்துத்தான் கால் தூக்குனான். நான் பந்தைப் பாக்கல, அவன் முட்டியப் பாத்து வந்தேன். நல்ல கால், அதை முடிச்சிரணும்னு வந்தேன். அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. ஆணி உங்களுது, அதை நான் மன்னிக்க மாட்டேன், கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. நீ சனிக்கிழமை காலைக் கொடுத்துவிட்டு நிற்கப் போகிறாய் என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவன் சிரித்தான். "நிக்கப் போறானா, பைத்தியமா அவனுக்கு. நிக்கிறவன் காலை என் தம்பி ஒடச்சா அன்னிக்கே ஆட்டத்துலேர்ந்து தூக்கிருவாங்க. பந்து ஆடுறான்னுதான் இவனுக்கு வேலை, வேலை போனா இந்த ரூம் போயிரும். இந்த வீட்டுல நாலு பேரும் இப்ப இவன் ரெண்டு கால்லதான் நிக்கிறோம். உங்க மகன்கிட்ட சொல்லுங்க, எனக்கு அவன் கால் வேணாம், என் தம்பி கால் வேணும். ஓடச் சொல்லுங்க."

அய்யாவு சைக்கிள் பம்பை எடுத்து மறுபடி காற்று அடிக்க ஆரம்பித்தான். நான் எழுந்து வெளியே வந்தபோது, "பந்தோட ஓடட்டும், நானும் பந்துக்கு வரேன். பந்து இல்லாம என் முன்னால வந்து நின்னான்னா எனக்குக் கை காலு அடங்காது, அதையும் எழுதுங்க" என்றான். அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். வலது பூட்ஸை விஜயன் தன்னிடம் வைத்துக்கொண்டான். அதை எங்கே காட்ட வேண்டுமானாலும் காட்டட்டும், நான் செய்தேன் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். உன் பெயரில் ஆணி இல்லை.

ஆகவே சனிக்கிழமை நிற்காதே. அவன் வரும் முன்பே இடது பக்கம் திரும்பி ஓடு, பதினேழு வயதிலிருந்து உனக்கு வருகிற திருப்பம் அது, அவனால் பிடிக்க முடியாது. கோல் அடித்தால் அடி, அடிக்காவிட்டால் போகட்டும், இரண்டு பேரும் நடந்து வெளியே வர வேண்டும். மழையில் விலா வலித்தால் இறுக்கிக் கட்டிக்கொள். இறங்கும் முன் உன் பூட்ஸின் அடியை நீயே தடவிப் பார், வேறு யாரையும் அதில் கை வைக்க விடாதே, என்னையும் சேர்த்துத்தான். என்னைப் பற்றி நினைப்பதையெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு நினைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ திட்டி எழுதினாலும் சரி, எழுதியது உன் கையென்றால் போதும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, அவளுக்குத் தனியாக நாலு வரி போடு. முருகன் உன் கூடவே ஓடட்டும், இரண்டு காலோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சபாபதி