மாவு மாத்திரை

பாளையங்கோட்டை
18.11.2024

அன்புள்ள சித்ரா,

கர்த்தர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். உனக்குப் போனில் பேசினால் காது கேட்காது. என்னிடம் போனே கிடையாது. என் செல்லை இவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டார். அதனால் பழையபடி தபால்தான். இவருக்கு அதில் பரம சந்தோஷம். காலமெல்லாம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த மனுஷன் அல்லவா, உன் கடிதம் வந்தால் முத்திரையைத் தடவிப் பார்த்து ஸ்ரீவைகுண்டம் என்று வாசிக்கிறார். நீ மரியாதையாக உறைமேல் "திரு. சத்தியநேசன் அவர்கள்" என்று எழுதிவிடுகிறாய். தனக்குத்தான் வந்தது என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். நான் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது.

முத்திரையை வாசிக்கத் தெரிகிறது, என்னைத்தான் தெரியவில்லை. நேற்றுக் காப்பி கொண்டுபோய் நின்றேன். "என்ன மேடம், மணியார்டரா, ரிஜிஸ்டரா?" என்றார். காப்பி என்றேன். அதற்கு அடுத்த கவுண்டர் என்று கையைக் காட்டுகிறார். உங்களுக்கெல்லாம் நான் பாக்கியம். என் முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். கல்யாணமான புதிதில் எனக்கு அது வெட்கமாகக்கூட இருக்கும். இப்போது அந்தப் பேரை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது, சித்ரா.

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ஹெப்ரான் இவரை ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்கிறார். மறதி நோய்க்குப் புதிதாக ஒரு மருந்து செய்து முடிக்க வெகுகாலம் ஆகுமாம். அதனால் வேறு வியாதிக்கு ஏற்கெனவே கொடுத்துவருகிற பழைய மருந்துகளில் ஏதாவது மூளைக்கும் உதவுமா என்று பார்க்கிறார்களாம். இங்கே பார்க்கப்போவது எதை என்று நினைக்கிறாய்? நான் தினமும் முழுங்குகிறேனே, அதே சுகர் மாத்திரை. சுகர் இல்லாத மறதிக்காரர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது, எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

இதே மறதியில் இருக்கிற உன் வீட்டுக்காரரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். கூட்டிவரச் சொன்னார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நில், நான் ஆட்டோவோடு வந்துவிடுகிறேன். நமக்கு நல்லது நடந்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே நடக்கட்டும்.

உன்
பாக்கியம்


ஸ்ரீவைகுண்டம்
20.2.2025

என் பாக்கியத்துக்கு,

முருகன் காப்பாற்றுகிறான், நீயும் காப்பாற்றுகிறாய். டிசம்பரில் நீ அந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை இவர் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் பதறிப் பின்னாலேயே ஓடினால், வரப்பில் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி என்னைப் பார்த்து, "லேகா, வாழைக்கு முட்டுக் குடுக்கலையா? காத்து அடிக்குதுல்லா?" என்றார். பாக்கியம், லேகா என்றார். ஊரெல்லாம் என்னைச் சித்ரா என்கிறது, லேகா என்பவர் அவர் ஒருவர்தான். போன வைகாசிக்குப் பிறகு அந்தப் பேரை நான் கேட்கவே இல்லை. வாழை மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அதிலிருந்து நாளுக்கு நாள் தெளிச்சல்தான். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று சண்டைகூடப் போட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார், கல்லைத் தின்றாலும் செரிக்கும்போல இருக்கிறது. எங்களுக்கு வந்தது நிஜ மாத்திரைதான் என்று என் மனசு சொல்கிறது. மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார்தான். உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்ல?

அண்ணாச்சி எப்படி இருக்கிறார்? அவரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாரா? ஒரு வரி எழுது.

உன்
சித்ரா


பாளையங்கோட்டை
3.3.2025

சித்ரா,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நமக்குள் எதற்கு நாடகம், எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே ஒன்றும் இல்லை. அப்படியேதான் இருக்கிறார். இல்லை, முன்னைவிட மோசம். அந்த மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போர்வை துவைத்துத் துவைத்து என் கை தோல் உரிகிறது. நீ வாழைத் தோட்டத்தில் நின்று அழுதாய், நான் துவைக்கிற கல்லில் நின்று அழுகிறேன். நேற்று என்னிடம், "மேடம், உங்க லைன்ல யாருமே இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றார். இதுதான் என் வீடு என்று நான் எந்தக் கவுண்டரில் போய்ச் சொல்வது?

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நர்ஸ் முதல் பாட்டிலைக் கையில் எடுத்து என் பக்கம்தான் நீட்டியது. நான்தான், இவங்க ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸைப் பிடிக்கணும், முதல்ல இவங்களுக்குக் குடும்மா என்றேன். நீயும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாய். அந்த பாட்டில் எனக்கு வர வேண்டியது. அதிலிருந்துதான் உன் லேகா வந்தது. கோவிலில் முழங்கால்படியிட்டாலும் எனக்கு அந்த பாட்டில்தான் கண்ணில் நிற்கிறது. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

கேட்கிறேன், கோபப்படாதே. ஒரே ஒரு மாதம் பாட்டிலை மாற்றிக்கொள்வோம். உன்னுடையதை எனக்குக் கொடு, என்னுடையதை நீ வைத்துக்கொள். உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெளிந்துவிட்டதே. எனக்கு அவர் ஒரு தடவை பேர் சொன்னால் போதும், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பாக்கியம்


ஸ்ரீவைகுண்டம்
12.3.2025

பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன்.

பாட்டிலைத் தர மாட்டேன். அதில் நம்பர் போட்டிருக்கிறது, ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிட்டால் டாக்டருடைய ஆராய்ச்சியே கெட்டுவிடும், அதில் சேர்ந்த அத்தனை பேர் நம்பிக்கையும் வீண் என்று காரணம் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் உன்னிடம் நானும் நாடகம் போட விரும்பவில்லை. எனக்குக் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். நாளைக் காலையில் இவர் எழுந்து என்னை யார் என்று கேட்டால் என்னால் தாங்க முடியாது. ஒரு மாதம் என்ன, ஒரு வேளைகூட முடியாது.

நான் சுயநலக்காரி என்று நினைத்துக்கொள். நீயாக இருந்தால் கொடுத்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அண்ணாச்சியின் வயிற்றுக் கோளாறை டாக்டரிடம் உடனே சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்ரா


பாளையங்கோட்டை
6.5.2025

அன்புள்ள சித்ரா,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்று நடந்துவிட்டது. நீ வேறு யார் மூலமாகவும் கேள்விப்படக் கூடாது என்று எழுதுகிறேன்.

நீ தர மாட்டேன் என்றதும் எனக்கு ஒரு புத்தி வந்தது. அது என்ன பெரிய அமிர்தமா, என் டப்பாவிலேயே இருக்கிற சுகர் மாத்திரைதானே என்று. மறுநாளிலிருந்து எனக்கு எழுதிக் கொடுத்திருந்ததை இவருக்கும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கொடுத்தேன். ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. எப்படியாவது உன் வீட்டை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே வெறி, சித்ரா. தினமும் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஓயாமல் வாந்தி. சுருண்டு விழுந்துவிட்டார். மூச்சு இரைத்தது. பக்கத்து வீட்டு வன்னியராஜ் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ரத்தத்தில் மருந்து அளவு மீறிப்போயிருந்ததாம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் ஹெப்ரான் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆபத்தான நேரம் என்பதால் ரகசிய நம்பரைத் திறந்து பார்த்து, எங்களுக்கு வந்தது எது என்று சொன்னார்கள்.

மாவு மாத்திரைதான். எங்களுக்கு வந்தது வெறும் மாவு. ஆகவே நிஜ மாத்திரை உன் வீட்டில்தான் இருக்கிறது. நீ பயப்படாமல் கொடு, ஒரு வேளைகூட விடாதே. உன் வீட்டுக்காரர் இன்னும் தெளிவார்.

இவரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், ரசம் சாதம் சாப்பிடுகிறார், வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டது. நான் மறுபடியும் வரிசையில் நிற்கிறேன்.

உன்
பாக்கியம்


ஸ்ரீவைகுண்டம்
15.5.2025

என் பாக்கியத்துக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அண்ணாச்சி சட்டைப்பைக்குள் போய்விடக் கூடாது என்று உறைமேல் உன் முழுப்பேரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்பில் பால் காய்கிற நேரத்துக்கு இருந்தது. அதற்குப் பிறகு யோசித்தேன்.

ஏட்டி, நீ கணக்கு டீச்சர். ஒரு பாட்டிலில் மாவு என்றால் இன்னொரு பாட்டிலில் மருந்து என்று எந்தப் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்தாய்? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. உன் பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்பு மையால் அடித்திருப்பாய். நீ கொடுத்தது நீ தினமும் முழுங்குகிற அளவு. அது மட்டும் உள்ளே போயிருந்தால் அளவு மீறியிருக்குமா? ஏற்கெனவே உள்ளே இருந்ததன்மேல் நீ ஏற்றியிருக்கிறாய்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வயிற்றுப்போக்கு. உனக்குச் சுகர் வந்து அந்த மாத்திரையை ஆரம்பித்த புதிதில், மூன்றாவது பீரியடில் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுவாயே, மறந்துவிட்டதா? உன் வகுப்பை நான்தானே பார்த்துக்கொண்டேன். டிசம்பரிலிருந்து நீ துவைத்துக்கொண்டிருந்தது அந்த மாத்திரையைத்தான். இங்கே இவர் ஒரு ஏப்பம்கூட அதிகமாக விடவில்லை. என் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை, ஆனாலும் அறிவியல் டீச்சருக்கு இது போதும். மாவு என் வீட்டில், பாக்கியம். நிஜம் உன் வீட்டில்தான் இருந்தது. அண்ணாச்சி ஒருவருக்குக் கேட்கவில்லை என்பதால் அந்த மருந்தே உதவாது என்று ஆகிவிடாது. எல்லோருடைய முடிவும் வரட்டும், அதுவரை நானும் இந்த பாட்டிலை ஒழுங்காகக் கொடுப்பேன்.

என்மேல் அவ்வளவு வயிற்றெரிச்சல் பட்டவள், என் வாயில் மண்ணைப் போட ஒரு வரி கிடைத்தும் அதை எனக்காக மாற்றி எழுதிவிட்டாய். அதை நினைத்துத்தான் நேற்றெல்லாம் அழுதேன். நான் உனக்கு ஒரு பாட்டிலைத் தரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். போன வாரத்திலிருந்து இவருக்கு மறுபடி மங்குகிறது. நேற்று என்னிடம், "நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். நான் பயந்த மாதிரி செத்துப்போய்விடவில்லை. சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு வரப்பில் நின்று லேகா என்றாரே, அது மருந்து கூப்பிட்டது இல்லை. மாவுக்கு என் பேர் எப்படித் தெரியும்? அவராகவே கூப்பிட்டிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இதற்கும் உனக்கு வயிறு எரியும். எரியட்டும், தப்பில்லை.

அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புதிதாகத் தெரிந்துகொள்ளட்டும்.

உன்
சித்ரா


பாளையங்கோட்டை
20.5.2025

அன்புள்ள சித்ரா,

உன்னிடம் பொய் நிற்காது என்று தெரிந்தும் எழுதினேன். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். அந்த வரப்பையும் லேகாவையும் நினைத்தால் இன்னமும் எரியத்தான் செய்கிறது. வேறு ஒன்று சொல்வதற்காகத்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இவர்தான் வாங்கினார். வழக்கம்போல முத்திரையைத் தடவி ஊர்ப் பேரை வாசித்தார். சட்டைப்பைக்குள் வைக்கப் போனவர் விலாசத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். தன் பேர் இல்லை. அடுத்தவர் தபாலைத் தன் பையில் வைக்கிற ஆளில்லை அவர், எது மறந்தாலும் அது மறக்கவில்லை. எழுந்து வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குள்ளே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"பாக்கியவதி. இங்கன பாக்கியவதின்னு யாரும்மா?"

நான் அடுப்பை அணைக்கக்கூட இல்லை, ஓடினேன். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். உறையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பாக்கியவதி" என்று மறுபடியும் சொல்லி, இரண்டு கையாலும் கடிதத்தைக் கொடுத்தார்.

நான் யார் என்று அவருக்குத் தெரிந்து கூப்பிடவில்லை. எனக்கு அது புரிகிறது. இருந்தாலும் அந்தக் குரலில், அந்த முழுப்பேர்.

வாரம் ஒரு கடிதம் போடு, சித்ரா. எழுத விஷயம் இல்லையென்றால் வெறும் கார்டு போதும். அவர் பேர் வேண்டாம், என் பேரை மட்டும் எழுது. தமிழில் எழுது, கண்ணாடி போடாமலே தெரிகிற மாதிரி பெரிதாக எழுது.

உன்
பாக்கியவதி