பெட்டைக்கு நீலம் இராது

செட்டிகுளம்
07.01.2024

அன்புள்ள ஸ்ரெல்லாவுக்கு,

போனில் என்ர நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர். அதனால்தான் கடிதம். நான் வீட்டை விட்டு வந்த கிழமை, எங்கட வாய்க்கால் கோரைக்குள் ஒரு சின்னக் குருவி ஓடினது. வலசை வாற நீலத்தொண்டையாக இருக்கலாம். இலங்கையில் அதைக் கண்டவர்கள் மிகக் குறைவு. ஒருக்கால் பார்த்துச் சொல்லும். பின்னேரத்தில்தான் வெளியே வரும்.

அன்புடன்,
றொமேஸ்

பூநகரி
15.01.2024

றொமேஸ்,

பிரிந்து போன புருஷனின் முதற் கடிதம். அதில் "எப்படி இருக்கிறீர்" என்ற ஒரு சொல் இல்லை, குருவி விசாரணை! கிழிக்கப் போனனான். பிறகு பள்ளிக்கூடத்தால் வந்து, கட்டின சேலையோடேயே வாய்க்கால் கரையில் குந்தியிருந்தனான். நுளம்பு கடித்துப் பிடுங்கி எடுத்தது.

கண்டனான். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. நெஞ்சில் கருமணி மாலை போட்டதுபோல் புள்ளிகள். வாலைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடி ஓடி நிற்கும். பறந்தபோது வாலடியின் இரண்டு பக்கமும் செங்கல் நிறம். தொண்டையில் நீலம் இல்லை.

எனக்குச் சுகம். நீங்கள் கேட்கவில்லை.

ஸ்ரெல்லா

செட்டிகுளம்
24.01.2024

அன்புள்ள ஸ்ரெல்லா,

சுகம் கேட்க மறந்தது பிழைதான். ஆனால் நீலம் இல்லையென்றால் அது வேறை ஏதோ வயற்குருவி. பின்னேர வெயிலில் எந்த வாலும் சிவப்பாகத்தான் தெரியும். வடிவாக, கிட்ட நின்று பார்த்தனீரோ? உமக்கு நிச்சயமோ?

அன்புடன்,
றொமேஸ்

பூநகரி
02.02.2024

றொமேஸ்,

பெட்டைக்கு நீலம் இராது. நீங்கள் விட்டுவிட்டுப் போன பறவைப் புத்தகத்திலேயே கிடக்கிறது. சேற்றில் குந்தியிருந்து பார்த்தவள் நான். செட்டிகுளத்தில் கதிரையில் இருந்துகொண்டு நிச்சயமோ என்று கேட்கிறவர் நீங்கள்.

வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று நான் சொன்ன அன்றும் இதைத்தான் கேட்டனீங்கள். "உமக்கு நிச்சயமோ? நாளைக்குப் பார்ப்பம்." டொக்டர் சொன்ன பிறகுதான் நம்பினீங்கள். அன்றைக்கே போயிருந்தாலும் பிள்ளை தப்பியிருக்குமோ, எனக்குத் தெரியாது. ஆனால் என்ர உடம்பில் நடந்ததை நான் சொல்ல, அதையும் இன்னொருவர் வந்து உறுதிப்படுத்த வேண்டியிருந்ததே! உங்களைப் போகச் சொன்னது அதுக்குத்தான்.

இனிக் குருவி பற்றி எழுத வேண்டாம்.

ஸ்ரெல்லா

செட்டிகுளம்
11.02.2024

ஸ்ரெல்லா,

நேற்றுப் பூநகரிக்கு வந்தனான். பஸ்ஸால் இறங்கி நேரே படலைக்குத்தான் வந்தனான். பூட்டியிருந்தது. நீர் முல்லைத்தீவுக்கு அம்மாவிடம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்கா சொன்னா. "வந்தனீங்கள், அந்தக் குருவியையாவது பார்த்திட்டுப் போங்கோவன். ஸ்ரெல்லா எனக்கும் காட்டினவா" என்றா.

நான் வாய்க்கால் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்திருந்தால், அதுவும் உம்மைச் சரிபார்த்ததாகத்தான் முடிந்திருக்கும். எங்கட பறவைக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டன்: நீலத்தொண்டை, பெட்டை, பூநகரி. கண்டவர் ஸ்ரெல்லா.

றொமேஸ்

பூநகரி
19.02.2024

றொமேஸ்,

வர முதல் ஒரு சொல் சொல்லத் தெரியாதோ? அவ்வளவு தூரம் வந்து, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறீங்கள். ஞானேஸ்வரி அக்கா என்னைத்தான் ஏசினவா.

நேற்றுப் போய்த் தேடினனான். குருவி இல்லை. வந்த வழியே போய்விட்டது போல.

அது இல்லாமலும் வருவதென்றால், வாற சனிக்கிழமை நான் வீட்டில்தான் நிற்பன். மத்தியானம் சோறு வைப்பன்.

ஸ்ரெல்லா