திதி இல்லாதவனின் செம்பு

ஜன. 17, சனி

குளிர் −19. பஸ் பதினைந்து நிமிடம் பிந்தியது. நூலகத்தில் இலவச வகுப்பு. பிரெஞ்சு திருந்தட்டும் என்று சேர்ந்தேன். வாய்த்ததோ பழைய கிரேக்கக் காவியங்கள்.

வகுப்பெடுக்கிற மதாம் இன்று சொன்னவை (எழுதாவிட்டால் மறந்துவிடும்):

– வீரனுக்கு இரண்டு வழி. நீண்ட ஆயுள், பெயர் நிற்காது. குறுகிய ஆயுள், பெயர் நிற்கும்.

– போரில் விழுகிற சின்ன ஆட்களுக்கும் அப்பா பெயர், ஊர், ஒரு சிறு விஷயம் உண்டு. இன்னார் மகன், ஆற்றங்கரைக்காரன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் புலவர் அவனைச் சாகவிடுகிறார்.

– செத்தவர்கள் கீழே தாகத்தோடு நிற்கிறார்கள். குடிக்கக் கொடுத்தால்தான் பேச்சு வரும். அடக்கம் செய்யப்படாதவனுக்கு அங்கேயும் இடமில்லை.

இரண்டாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். பதினொரு வருடமாக நான் செய்கிற வேலை இதுதானே! ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கிற கல்வெட்டு, அதாவது நினைவுப் பாட்டுப் புத்தகம், எழுதுவது. ஊர், பெற்றோர், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், செத்த திதிக்கு ஒரு வெண்பா. மொன்றியலில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் எனக்கு போன் வரும். என் வீட்டுக்காரர் என்னைச் ‘செத்தவீட்டுப் புலவர்’ என்பார். பகலில் நான் மாத்திரைப் பெட்டி அடுக்கி வேலை செய்கிற இடத்தில் ஒருவரும் என்னைப் புலவர் என்பதில்லை. ஆகவே கோபம் இல்லை.

வாங்க: உளுந்து, பூட்ஸ் கயிறு.

ஜன. 19, திங்கள்

ரொக்ஸ்பரோ, பூமணி அன்ரி வீடு. கணவர் சிவலிங்கம் மாஸ்ரர் 5ஆம் திகதி போனார். பெப். 4க்குக் கல்வெட்டு வேண்டும். மகள் வசந்தியும் லவாலிலிருந்து வந்திருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் பித்தளைச் செம்பு, தட்டால் மூடி. என் குறிப்புக் கொப்பி வைக்க அதைத் தள்ளப் போனேன்.

“தொடாதையுங்கோ பிள்ளை. அது குகனுக்கு.”

குகன் இவர்களின் மகன். கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். பதினேழு வருடம். காயப்பட்டவர்களைத் தூக்கப் போனானாம், அவ்வளவுதான் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் செம்பு நிறையத் தண்ணீர்.

“நிறைச்சு வைப்பன். அடுத்தநாள் காலமை பார்த்தால் ரெண்டு விரல் குறைஞ்சிருக்கும்.”

பால் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

குசினி அடுப்படியில் வசந்தி என் கையைப் பிடித்தாள். “அம்மா அவனுக்கு ஒரு கிரியையும் செய்ய விடேல்லை அக்கா. அப்பா கேட்டுக் கேட்டே கண்ணை மூடிட்டார். இந்தப் புத்தகத்திலையெண்டாலும் தம்பிக்கு ஒரு பாட்டுப் போடுங்கோ. செத்திட்டான் எண்டு எழுதி முடியுங்கோ. இனி என்னாலை ஏலாது.”

அன்ரி வாசலில் நின்றதை இருவரும் காணவில்லை.

“பாட்டுப் போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவன்ரை பேருக்கு முன்னாலை ‘காலஞ்சென்ற’ எண்டு போட்டால் அவ்வளவு புத்தகத்தையும் கிழிச்செறிவன். திதி தெரியுமோ உங்களுக்கு? தெரியாதெல்லே. திதி இல்லாதவன் எப்பிடிச் செத்தவன்?”

கொப்பியை மூடிக்கொண்டு புறப்பட்டேன்.

ஜன. 20

நம் வீட்டிலும் ஒரு செம்பு நிரப்பி மேசையில் வைத்தேன். ஹீற்றர் காற்று வறட்சி, தண்ணீர் ஆவியாகிறது, வேறொன்றுமில்லை. இவர்: “ஆருக்கு வைக்கிறாய்?” விஞ்ஞானத்துக்கு என்றேன்.

ஜன. 21

அரை விரல்கூடக் குறையவில்லை. நான் மூடவுமில்லை. அன்ரியுடையது மூடிய செம்பு.

ஜன. 22, வியாழன்

வேலையில் இடது தோள் பிடித்துக்கொண்டது. மாலை குகனுக்குப் பாட்டு.

முதல் பிரதி: வேங்கை, இடி, எரிமலை. வாசித்தேன், வெட்கமாக இருந்தது. அவனுக்குப் பதிலாக யாரை வைத்தாலும் பொருந்தும். கிழித்தேன்.

மதாமின் புலவர்போலச் செய்து பார்த்தேன். சிவலிங்கம் மகன், கரவெட்டியான், பிறகு ஒரு சிறு விஷயம். தெரிந்தது ஒன்றுமில்லை, ஆகவே கற்பனை: கிணற்றடியில் பயந்து நின்ற ஒரு பெட்டைப் பிள்ளைக்கு நீலத்துணி சுற்றிய தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கிறான். திரும்பிப் போகிறான். அவ்வளவுதான். செத்தான் என்று எழுதவில்லை. அன்ரிக்கும் பயம், வசந்திக்கும் பயம், நடுவில் நழுவிவிட்டேன்.

எட்டு அடி. நல்லாகவே வந்திருக்கிறது, பொய் எதற்கு. வசந்திக்கும் அச்சகத்துக்கும் அனுப்பினேன்.

ஜன. 24, சனி

பனி 20 செ.மீ. பனி அள்ளும் வண்டிக்கு முன் வரும் சைரன் காலையிலேயே தொடங்கிவிட்டது. காரை எடு என்று சொல்கிற சத்தம்தான். எத்தனை வருடமானாலும், ஊரில் குண்டுக்கு ஒளித்த பழக்கத்தில், என் கால் முதலில் கட்டிலுக்கடியைத் தேடுகிறது. வகுப்புக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு அன்ரி போன்.

“வசந்தி பாட்டை வாசிச்சுக் காட்டினவள். நீலத்துணி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அன்ரி. பாட்டுக்காக நானா எழுதினது.”



“என்ரை நீலச் சீலையைக் கிழிச்சு நான்தான் அவன்ரை போத்தலுக்குச் சுத்திக் குடுத்தனான். தண்ணி சூடாகாமல் இருக்கட்டுமெண்டு. வசந்திக்குக்கூடத் தெரியாது.”

போனை வைத்துவிட்டார். பிறகு பழைய கொப்பிகள் பதினான்கும் புரட்டினேன். யாராவது எப்போதாவது சொல்லி நான் குறித்திருக்கலாம். நீலத்துணி எங்கும் இல்லை. பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொல்லவில்லை. சிரிப்பார், அல்லது சிரிக்கமாட்டார்.

ஜன. 27, செவ்வாய்

சென்ட் லோரன்ட் அச்சகம், புரூவ் பார்க்க. பக்கம் கட்டுகிற பெண் புதிது, தர்மினி, போன வருடம்தான் கனடா வந்தவள். குகனின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். மேலே அவன் படம், கீழே என் பாட்டு. எழுத்துப் பிழையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

“அக்கா, இதை உங்களுக்கு ஆர் சொன்னது?”

இந்த வாரம் இரண்டாவது தடவை அதே கேள்வி.

“அந்தப் பெட்டை நான்தான்.”

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அண்டைக்கு எனக்குப் பதினேழு முடிஞ்ச நாள். இவர் போத்தலைத் தந்திட்டுத் தன்ரை பேர், அப்பான்ரை பேர், ஊர் எல்லாம் சொன்னவர். அங்காலை போய்ச் சேர்ந்தால் அம்மாட்டைச் சொல்லும் எண்டவர். ஓடின ஓட்டத்திலை எல்லாம் மறந்து போச்சு. முகம் மட்டும்தான் நிண்டது. ஒவ்வொரு வைகாசியும் ஒரு போத்தல் தண்ணி வைச்சுக் கும்பிடுறன். பேர் தெரியாமல்.”

“இப்ப உயிரோடை இருக்கிறாரோ?” என்று கேட்டேன்.

“கண்ணாலை கண்டனான் அக்கா. நான் திரும்பிப் பார்க்க, கிணத்தடியிலை விழுந்தார். பேந்து எழும்பேல்லை.”

ஒரு வீட்டில் பதினேழு வருடமாகப் பெயர் இருந்தது, சாவு இல்லை. இவளிடம் சாவு இருந்தது, பெயர் இல்லை.

ஜன. 28

அன்ரியிடம் சொல்வதா? சொன்னால் அவரைப் பொறுத்தவரை குகன் நாளைதான் சாகிறான், கொல்வது நான். சொல்லாவிட்டால் நாளையும் செம்பு நிறையும். வசந்திக்கு போன் செய்தேன். “கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள், உடனே அழுதாள்.

ஜன. 30, வெள்ளி

அரை நாள் லீவு. தர்மினியைக் கூட்டிக்கொண்டு ரொக்ஸ்பரோ போனேன்.

தர்மினி சொன்னதையெல்லாம் அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. முதலில் ஒன்று கேட்டார்.

“அவன் ஒரு வாய் எண்டாலும் குடிச்சவனோ?”

“இல்லை அம்மா. நிறையத் தண்ணி, அப்பிடியே என்னட்டைத் தந்தவர்.”

அன்ரி செம்பின் தட்டை எடுத்தார். மேலே இரண்டு விரல் குறைந்திருந்தது. இம்முறை நானே பார்த்தேன். செம்போடு தர்மினியிடம் நீட்டினார்.

“குடி பிள்ளை. மிச்சம் வைக்காதை.”

குடித்தாள். நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை. வாயோரத்தால் வழிந்ததை அன்ரி தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

“உன்ரை பிறந்தநாள் எண்டைக்கு?”

சொன்னாள். நான் போனில் அந்த வருடத்துப் பஞ்சாங்கம் தேடினேன். திதி கிடைத்தது. குறித்துக்கொண்டேன்.

“எழுதுங்கோ” என்றார் அன்ரி. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதினேன். அதன்பிறகுதான் வசந்தி வாய்விட்டுக் கத்தினாள்.

பெப். 1, ஞாயிறு

−6, மெல்லிய பனி. தோள் பரவாயில்லை. நேற்றுக் காலை குகனுக்கும் வெண்பா எழுதினேன், புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அப்பாவும் மகனும் எதிரெதிர்ப் பக்கம், இரண்டு திதி.

காலை ஒன்பதுக்கு அன்ரி போன்.

“பிள்ளை, பழக்கத்திலை நேற்றும் செம்பை நிறைச்சு வைச்சிட்டன்.”

“அதுக்கென்ன அன்ரி.”

“ஹீற்றர் அதே சூட்டிலைதான் கிடக்கு. இப்பதான் தட்டை எடுத்துப் பார்த்தன். ஒரு சொட்டும் குறையேல்லை.”