எதிர் நாற்காலியின் தூரம்

அன்பு மனைவிக்கு,

எனக்குக் கண்புரை அறுவை வரும் புதன்கிழமை. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அருகு, நடுத்தூரம், தொலைவு ஆகிய மூன்றில் ஒன்றுக்குத்தான் தெளிவு தருமாம். மற்றவற்றுக்குக் கண்ணாடி போட வேண்டும். அன்றாடம் எதை அதிகம் பார்க்கிறேன் என்று மருத்துவமனைப் படிவம் கேட்கிறது. ‘அதிகம்’ என்றால் எத்தனை மணி நேரம் என்ற விளக்கமே அதில் இல்லை! எரிச்சலோடு ஒரு வாரம் அளவுநாடாவும் கையுமாக அலைந்தேன். அலுவலகத்தில் நான் சரிபார்க்கும் கட்டட வரைபடங்கள் கண்ணிலிருந்து முப்பத்தைந்து சென்டிமீட்டர். வீட்டில் நாளிதழும் அதே. ஆகவே ‘அருகு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆலோசகப் பெண் அதைப் படித்துவிட்டு, “ஏன் சார், வீட்டுல யார் மூஞ்சியையும் பாக்கவே மாட்டீங்களா?” என்றாள்.

“படிவத்துல அந்தக் கேள்வி இல்லையேம்மா.”

அவள் சிரித்தாள். நீ உன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய அன்று கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான், நீ சிரிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் என் நாற்காலிக்கும் உன் நாற்காலிக்கும் இடையே தொண்ணூறு சென்டிமீட்டர். இருமுறை அளந்தேன். படிவத்தைத் திரும்ப வாங்கி, ‘நடுத்தூரம்’ என்று திருத்திவிட்டேன்.

நீ வராவிட்டால் அது பொய்த் தகவல். நான் இதுவரை எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து,
உன் கணவன்