ரஜாய்க்குள் இருந்த கிட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் பெட்டிக்கட்டிலைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. குளிர் தொடங்கிவிட்டது, பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வை எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, கொஞ்சம் வந்து எடுத்துத் தர முடியுமா என்று உன் கணவர் போன் செய்திருந்தார். பலகையை அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாவது ரஜாய் கனத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கிட்டார். நான் உனக்கு வாங்கித் தந்த கிட்டார் இல்லை அது. அதைவிடச் சின்னது, நைலான் கம்பி போட்டது. தடித்த கம்பிகளில் விரல் வைக்கும் இடமெல்லாம் பளபளப்பு போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே நகம் பட்ட கீறல்கள்.

நீ போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதமாக உனக்கு எழுத உட்காருவதும் எழுதாமல் எழுந்துபோவதுமாக இருந்தேன். அழுதுவிடுவேன் என்ற பயம். இப்போது கோபம் வந்திருக்கிறது, அதனால் எழுத முடிகிறது.

சரோஜினி நகரில் நாம் அடுத்தடுத்த படிக்கட்டுகளில் குடியிருந்த குவார்ட்டர்ஸ் இன்று இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதில் ஒன்பதாவது மாடியில் எனக்கொரு வீடு கொடுத்திருக்கிறார்கள், ரிட்டயர் ஆகும்வரை. நீ பாளையங்கோட்டை, நான் கும்பகோணம். ஒரே அமைச்சகம், ஒரே பிரிவு, இருபத்தாறு வருஷம் எதிரெதிர் மேஜை. சனிக்கிழமை மார்க்கெட்டில் துணியைப் போட்டுப் பார்க்க இடம் கிடையாது. அதனால் நமக்குள் ஒரு வழக்கம் வந்தது: ஒருத்திக்கு மற்றவள்தான் எடுப்பது. நம் உடம்பைப் பற்றி நாமே பொய் சொல்லிக்கொள்வோம், அடுத்தவள் சொல்ல மாட்டாள் என்பது உன் வாதம். கண்ணால் அளந்து நான் எடுத்த குர்த்தா ஒன்றுகூட உனக்குத் தோளில் தொங்கியதில்லை, இடுப்பில் பிடித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நீயும் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. ஒரு தீபாவளிக்கு நான் ஆசையாகக் கட்டிவந்த கடுகு நிறப் புடவையைப் பார்த்து, தபால் மூட்டை மாதிரி இருக்கிறது என்று பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னவள்தானே.

காலனியில் எந்தத் தமிழ் வீட்டில் கிட்டார் வாங்குவதாக இருந்தாலும் உன் கதவைத்தான் தட்டுவார்கள். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவள் என்பதால் மட்டுமில்லை, யாரையும் வீண் செலவு செய்ய விடமாட்டாய் என்பதாலும்தான். எவ்வளவு பட்ஜெட் என்று சொன்னதும் அதில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவைக்கச் சொல்வாய், கிட்டார் உறைக்கும், கம்பிகளின் உயரத்தைத் தாழ்த்திச் சரிசெய்து தருகிற ஆளுக்கும். பாடிக்கொண்டே எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடப் போகிறவர்களுக்குப் பெரிய வயிறுள்ள கிட்டார். கம்பி கம்பியாக விரலால் மீட்டுகிறவர்களுக்குச் சின்ன உடம்பு, கொஞ்சம் அகலமான கழுத்து. விரல் மெலிந்தவர்களும் வயதானவர்களும் ஸ்டீல் கம்பிப் பக்கம் அவசரப்பட்டுப் போகக் கூடாது. மேல்பலகை ஒட்டுப்பலகையா முழு மரமா என்று பார்க்கச் சொல்வாய், ஆனால் முழு மரம் என்றதும் மயங்கிவிடக் கூடாது என்றும் சொல்வாய். எல்லாம் சொல்லி முடித்து, 'மடில வச்சு வாசிச்சுப் பாக்காம மட்டும் துட்டக் குடுத்திராதீங்க' என்பாய். இதையெல்லாம் பத்துப் பேரிடமாவது நீ சொல்லியிருப்பாய். பத்து முறையும் உன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவள் நான்.

நீ வேலையை விட்டு மயூர் விஹார் ஃப்ளாட்டுக்குக் குடிபோன மறு வருஷம் நோய் வந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஜனவரியில், கல்லூரி நாளிலிருந்து உன்னோடு இருந்த பழைய கிட்டாரின் மேல்பலகை பிளந்துபோனது. ஹீட்டருக்குப் பக்கத்தில் யாரோ சாய்த்து வைத்துவிட்டார்கள். டெல்லிக் குளிரில் ஹீட்டர் வறட்சியை மரம் தாங்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளின் வீட்டிலேயே அது நடந்தது. மருந்து ஏற ஏற உன் விரல் நுனிகளும் மரத்துப்போயின. விரல்களுக்கு வேலை கொடுங்கள், முடிந்தால் வாசியுங்கள் என்று டாக்டர் சொன்னார். மறுபடி வாசிக்க முடியுமா என்பது ஒன்றைத்தான் அந்த நாட்களில் நீ வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். பிழைப்பேனா என்று ஒருமுறையும் கேட்டதாக நினைவில்லை.

கிட்டாரை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். 'ஏட்டி, நைலான் கம்பி போட்ட சின்னது ஒண்ணு போதும் எனக்கு. பெரிசா எதையும் தூக்கிட்டு வந்திராத' என்றாய். நான் அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னை எனக்குத் தெரியாதா? பிரிவில் பிறந்தநாள் கேக் வெட்டினால் ஓரத்துத் துண்டைக் கேட்டு வாங்குகிறவள், உனக்கென்று எதையும் பெரிதாகக் கேட்காதவள். இந்த ஒரு முறையாவது உனக்குப் பெரிதாக ஒன்று வாய்க்கட்டும் என்று நினைத்தேன். நீ சொன்னது பணத்தைப் பற்றி அல்ல, உன் விரல்களைப் பற்றி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தரியாகஞ்சில் இருக்கும் கிட்டார் கடைக்கு நான் தனியாகத்தான் போனேன். கடைக்காரர் நிதானமானவர். யார் வாசிக்கப் போகிறார்கள், வருடி வாசிப்பவரா, மீட்டி வாசிப்பவரா, கை எப்படி இருக்கும் என்றெல்லாம் இந்தியில் கேட்டார். வாசிக்கப் போகிறவரையே அழைத்து வந்தால் நல்லது என்று இரண்டு முறை சொன்னார். நான் உன்னைக் குர்த்தாவுக்கு அளந்த கண்ணால் கிட்டாருக்கும் அளந்துவிட்டேன். அவர் காட்டிய சின்னவை எல்லாம் எனக்குப் பொம்மையாகத் தெரிந்தன. உள்ளதிலேயே பெரிய உடம்பு, முழு மர மேல்பலகை, தடித்த ஸ்டீல் கம்பி. அவர் ஒரு முறை வருடிக் காட்டியதும் கடையே அதிர்ந்தது. நினைத்துப் போன தொகையைப் போல இரண்டு மடங்கு ஆனது, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

மெட்ரோவில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சரோஜினி நகரிலிருந்து மயூர் விஹார் வந்து இறங்கிய அந்த மத்தியானத்தை மறக்க முடியாது. உறையைத் திறந்ததும் நீ அதைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, 'அச்சா' என்றாய், அவ்வளவுதான். பேச்சு வராத அளவுக்குச் சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தேன். நான் வரும்போது கிட்டார் கட்டிலின் மேல் தயாராக இருக்கும். நீ ஒரு பாட்டு வாசிப்பாய். முடிந்ததும் இடது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, போய் காபி போடு என்று என்னை அனுப்புவாய். களைப்பு என்று நினைப்பேன். சத்தம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது பார் என்று நானே மெச்சிக்கொள்வேன். ஒரு ஞாயிறு, பிரிவிலிருந்து நான்கு பேரை அழைத்து வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று கேட்டேன். வாசித்தாய். எனக்காக இன்னும் ஒன்றே ஒன்று என்றேன். அதையும் வாசித்தாய்.

போன ஞாயிறு, ரஜாய்க்குள் இருந்த சின்னதைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். உன் கணவர் கட்டில் பலகையை மெல்ல இறக்கிவிட்டு உட்கார்ந்தார். நான் பெரியதைக் கொண்டுவந்த மறு வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் நீ ஆட்டோவைத் தரியாகஞ்சுக்கு விடச் சொன்னாயாம். ஏழெட்டுக் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்து, விலை குறைந்த இதைத் தேர்ந்தெடுத்தாயாம். தினமும் காலையில் வெயில் வரும் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தாயாம். மரத்த விரல்தான் என்றாலும் ஸ்டீல் கம்பியை அழுத்தினால் ஊசி குத்துகிற மாதிரி எரியும், ராத்திரி வரை தணியாது என்றும் சொன்னார்.

'ஞாயித்துக்கிழம நீங்க மெட்ரோல ஏறிட்டேன்னு போன் பண்ணுவீயள்லா, ஒடனே இத ரஜாய்க்குள்ள வச்சிட்டுப் பெரிச எடுத்து வெளிய வச்சிருவா. நா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.'

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

'அன்னைக்கு நீங்க கொண்டாந்தப்ப ஒங்க மொகத்தப் பாத்துட்டா. பொறவு எப்படிச் சொல்லுதது?'

என்னடி நியாயம் இது? புடவையைத் தபால் மூட்டை என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்ல என்ன வந்தது? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். கொஞ்சம் அசடு வழிந்திருப்பேன், ஒரு வாரம் நீ கிண்டல் செய்திருப்பாய், அவ்வளவுதானே. அதைவிட்டு ஞாயிறுதோறும் எனக்காக வலியை வாங்கிக்கொண்டாய். அதற்கு நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். இந்த நினைப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நான்கு நாளாக உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். திட்டி முடிக்கிறபோது திட்டு என் பக்கமே திரும்பிவிடுகிறது. வேண்டியது என்ன என்று நீ வாயைத் திறந்து சொன்னாய். கேட்காதவள் நான்.

ஒன்று மட்டும் ஆறுதல். மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டாயே, முடிந்திருக்கிறது. யாருக்காகவும் இல்லாமல், வெயிலில் உட்கார்ந்து, உன் கைக்குப் பொருந்திய ஒன்றில் உனக்காக வாசித்திருக்கிறாய். அந்தக் காலைகளில் ஒன்றையாவது கேட்கக் கிடைக்காமல் போனது என் குறை. சின்னதை நான் எடுத்து வந்துவிட்டேன். வாசிக்கத் தெரியாது, கற்றுக்கொள்வேனா என்றும் தெரியவில்லை. வீட்டில் இருக்கிறது.

பெரியதை உன் சர்ச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று உன் கணவரும் நானும் முடிவு செய்தோம். பாடகர் குழுவில் இப்போது வாசிப்பவர் நொய்டாவில் வங்கி வேலையில் இருக்கிறார், நாற்பது வயது இருக்கும். நேற்று உன் வீட்டுக்கு வந்தார். கிட்டாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. உறையோடு எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவரை நான் விடவில்லை. இங்கேயே உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பாட்டு, இரண்டு, மூன்று. அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்திருக்கும். நல்லா இருக்கா என்று நான் கேட்கவில்லை.

'வலிக்குதா?'

'இல்லக்கா. ரொம்ப நல்லா இருக்கு.'

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கையைக் காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே இடது கையை விரித்தார். நான்கு விரல் நுனிகளிலும் கம்பி அழுந்திய கோடுகள் சிவந்து கிடந்தன. காய்ப்பு ஏறிய விரல்கள், ஒன்றும் செய்யாது என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையை ஒரு தடவை இப்படி விரித்துக் காட்டச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது நான் வாங்கித் தந்த கிட்டாரை.