முப்பத்தொன்றாம் குப்பி

பெர்லின்
9 ஜூன் 1998

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

உன் கடிதமும், அதற்குள் உன் தம்பி அலெக்சாண்டர் வரைந்து வைத்த படமும் கிடைத்தன. கண்ணாடி போட்ட தவளை, கீழே 'நிரூ அக்கா' என்று பெயர் வேறு. இங்கே எல்லோரிடமும் காட்டிச் சிரித்தேன்.

நீங்கள் ஆல்கஹாலில் போட்டு அனுப்பும் சதைத்துண்டை வைத்து நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு தவளையிலும் ஒரே மரபணுவிலிருந்து ஐந்நூற்றுப் பத்து எழுத்துகளைப் படிக்கிறேன். அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று தெரியும். குறைவாக மாறியிருந்தால் இரண்டும் சமீபத்தில் பிரிந்தவை. நிறைய மாறியிருந்தால் எந்தக் காலத்திலோ பிரிந்தவை. கணினி அதைக் கிளை கிளையாக ஒரு மரமாக்கித் தரும். நம் மலைகளின் இலைத்தவளைகள் அத்தனையும் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்பது என் பேராசிரியரின் கட்சி. நீங்கள் பிடித்த முப்பது தவளைகளும் அதற்குச் சாட்சி சொல்லிவிட்டன.

ஒரே ஒரு இடம்தான் காலி. குதுரேமுக் பக்கத்து உச்சிச் சோலை. அங்கே இருக்கும் தவளை மழை பிடித்த பிறகுதான் வெளியே வந்து கத்தும். ஆகஸ்டில் போய் வர முடியுமா? சேஷகிரி சார் தன் ஆய்வகத்து ஜீப்பை மழையில் எடுக்க யோசிப்பார். நான் பேசிக்கொள்கிறேன். ஜீப்பை ஓட்டுவது அலெக்ஸ் என்றால் எனக்குக் கவலையில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு இங்கே சாம்பார்ப் பொடி தீர்ந்து இரண்டு மாதமாகிறது, ஞாபகமிருக்கட்டும்.

உன்
நிருபமா


விவேக் நகர், பெங்களூர்
30 ஆகஸ்ட் 1998

நிரூ,

சேஷகிரி சார் உனக்குப் போனில் சொல்லியிருப்பார். இருந்தாலும் கூட நின்றவள் நான். நான் எழுத வேண்டும்.

நான்காம் தேதி மதியம் உச்சிக்கு ஏறினோம். நான், அலெக்ஸ், வழிகாட்ட ஒரு வனக்காவலர். மழை விடவேயில்லை. சோலைக்கு முன்னால் ஒரு ஓடை. காவலர், "பேடா மேடம், நீரு ஜாஸ்தி இதே" என்றார், தண்ணீர் அதிகம், வேண்டாம் என்று. நானும் திரும்பிவிடலாம் என்றேன். அலெக்ஸ்தான் கேட்கவில்லை. "இன்னாக்கா, நிரூ அக்கா அவ்ளோ தூரத்துலருந்து கேக்குது. ஒண்ணே ஒண்ணுதானே. நீ இங்கியே நில்லு, தோ வந்துட்றேன்."

முக்கால் மணி நேரம் கழித்து அக்கரையில் தெரிந்தான். கையைத் தூக்கிக் குப்பியைக் காட்டினான். அதை இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு இறங்கினான். பாதி ஓடையில் கால் வழுக்கியது. அவ்வளவுதான் நிரூ. கத்தக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து மூன்று மைல் கீழே கிடைத்தான். பை இடுப்பிலேயே இருந்தது. குப்பி உடையவில்லை. பென்சிலால் '31' என்று எழுதி உள்ளே போட்டிருந்த சீட்டும் அழியவில்லை.

அதை அந்தத் தண்ணீரிலேயே வீசிவிடத்தான் நினைத்தேன். செய்யவில்லை. வழக்கம்போலப் பாதித் துண்டை இங்கே உறைபெட்டியில் வைத்துவிட்டேன். மீதியை அடுத்த மாதம் கருத்தரங்குக்கு வரும் சேஷகிரி சார் உன்னிடம் தருவார்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் துண்டை மட்டும் வீணாக்கிவிடாதே.

பிரிஜெட்


பெர்லின்
14 மார்ச் 2000

என் பிரிய பிரிஜெட்டுக்கு,

உனக்கு எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்ட தாள்கள் எத்தனையோ. இப்போதுதான் சொல்ல ஒரு நல்ல சேதி வந்திருக்கிறது.

கட்டுரை வெளிவந்துவிட்டது. பிரதி இணைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாவது தவளையும் மற்ற முப்பதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மரம் முழுமையாகிவிட்டது. எனக்குப் பட்டம் கிடைத்து, இங்கேயே வேலையும் ஆகிவிட்டது. கட்டுரையில் சேஷகிரி சார் பெயருக்கு அடுத்து உன் பெயர் இருக்கிறது. முதல் பக்கத்து அடியில் பார்: 'இந்த ஆய்வில் உயிர் நீத்த அலெக்சாண்டரின் நினைவுக்கு.' அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

உன்னிடமிருந்தும் கடிதமே இல்லை. இரண்டு வரியாவது எழுது.

என்றும் உன்
நிருபமா


விவேக் நகர், பெங்களூர்
20 நவம்பர் 2000

அன்புள்ள நிரூ,

இரண்டு வரி கேட்டாய். இது நீளமாகப் போகும்.

மரபணு எழுத்துகளைப் படிக்கும் இயந்திரம் நம் ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. சார் என்னை அதில் உட்காரவைத்தார். கை பழகட்டும் என்று நம் பழைய குப்பிகளையே எடுத்தேன். உன் விடைகள்தான் எல்லோரும் பார்க்கும்படி மரபணு வங்கியில் இருக்கின்றனவே, ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். முப்பது வரைக்கும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. எனக்கே பெருமையாக இருந்தது.

முப்பத்தொன்றின் மூடியைத் திறக்க மனம் வராமல் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். திறந்தேன். உன்னுடையதற்கும் என்னுடையதற்கும் எழுபத்துநாலு எழுத்து வித்தியாசம். என் கைப்பிழை என்று நினைத்துப் புதிதாகத் துண்டு வெட்டி இன்னும் மூன்று முறை செய்தேன். அதே எழுபத்துநாலு. மரத்தில் போட்டுப் பார்த்தேன். அவன் பிடித்த தவளை அந்த முப்பதோடும் சேரவில்லை நிரூ. அவை எல்லாம் பிரிவதற்கு முன்பே பிரிந்து, அடியிலிருந்து தனிக்கிளையாக நிற்கிறது.

பிறகுதான் நீ வெளியிட்ட முப்பத்தொன்றை மற்றவற்றோடு வைத்துப் பார்த்தேன். அது பதினேழாம் குப்பி. ஒரு எழுத்துகூட மாறாத பதினேழு. ஆகும்பே சாலையோரம் நான் பிடித்தது.

குப்பி மாறிவிட்டதா? சேஷகிரி சார் கொண்டுவந்தது கெட்டுப்போயிருந்ததா? உனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை எழுது. நான் நம்புவேன்.

பிரிஜெட்


பெர்லின்
11 டிசம்பர் 2000

பிரிஜ்,

பொய் சொல்ல நினைத்தேன். உன்னிடம் முடியவில்லை.

குப்பி மாறவில்லை. முதல் தடவையே அது தனியாகப் போய் நின்றது. 'ஏதோ கலப்படம், மறுபடி செய்' என்றார் பேராசிரியர். செய்தேன், அதே விடை. அதை அவரிடம் கொண்டுபோகவில்லை. அவருடைய கட்சியும் என் நாலு வருஷ உழைப்பும் ஒன்றாக உடைந்திருக்கும். விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. முப்பதோடு நிறுத்தியிருக்கலாம் என்பாய். நிறுத்தினால் அலெக்ஸ் எதற்காகப் போனான்? அவன் கட்டுரையில் இருக்க வேண்டும் என்றுதான் பதினேழை அந்த இடத்தில் வைத்தேன். நீ நம்பாவிட்டாலும் அது உண்மை.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கேள். இது புது இனம். நீயும் நானும் சேர்ந்து எழுதுவோம், உன் பெயர் முதலில். தவளைக்கு அலெக்ஸின் பெயரையே வைப்போம். வேறொரு மலையில் பிறகு பிடித்ததாகக் காட்டினால் போதும், பழைய கட்டுரையை யாரும் தொட வேண்டியதில்லை. இதை வைத்து உனக்கு இங்கே பிஎச்டிக்கு இடம் வாங்கித் தருகிறேன். எத்தனை நாள்தான் குப்பி கழுவிக்கொண்டிருப்பாய்?

நீ வாய் திறந்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

உன்
நிரூ


விவேக் நகர், பெங்களூர்
19 ஏப்ரல் 2001

நிருபமா,

உன் யோசனையை உடனே தள்ளிவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு வாரம் ஆசைப்பட்டேன். அவன் பெயரில் ஒரு தவளை, எனக்கு ஒரு பட்டம். அப்புறம் 'வேறொரு மலையில்' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். என் தம்பி அந்த ஓடையைக் கடக்கவே இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

சேஷகிரி சாரிடம் சொன்னேன். "என் பேரும் அதுல இருக்கேம்மா. இத இப்பிடியே விட்ரு" என்றார். நான் விடவில்லை. இரண்டு முப்பத்தொன்றையும் பதினேழையும் அடுக்கி, கட்டுரை வந்த பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்பினேன். உன் கடிதத்தை அனுப்பவில்லை. எழுத்துகளே போதும் என்று தோன்றியது. மறுநாளே சார் என்னை இயந்திரத்திலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார். போன வாரம் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். அலெக்ஸின் பெயரும் அதோடு போகும். அது தெரிந்துதான் செய்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அப்போ அவன் தப்பான தவளையா புடிச்சிட்டான்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவன் புடிச்சதுதான் சரி. எழுதினதுதான் தப்பு."

"நிரூ பொண்ணு வேணும்னு செஞ்சிருக்காது. அது கிட்ட சண்ட போடாத."

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

இனி எனக்கு எழுதாதே. ஊருக்கு வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வராதே. வந்தால் அம்மா உன்னை உட்காரவைத்து, இளைத்துவிட்டாய் என்று சொல்லிச் சோறு போடுவாள். நீ சாப்பிடுவாய். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

பிரிஜெட்